குரைக்காத கத்தி

ஷெஃபீல்டு நகரில், போர்ட்டர் ஓடைக்குப் பின்புறம் உள்ள அந்தக் கத்திப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மடக்குக் கத்தியின் அலகை நகத்தால் இழுத்துத் திறக்கும்போது, பாதி வழி கடந்ததும் அதன் முதுகில் உள்ள ஸ்ப்ரிங் அலகைத் தானாகவே முன்னே தள்ளி, ‘டக்’கென்று நிறுத்தப் பார்க்கும். அந்த ஓசை பட்டறைக்குள் கேட்கக் கூடாது. ஐந்து பேர் தோளோடு தோள் உரசும்படி ஒரே நீள மேசையில் அமர்ந்து வேலை செய்யும் இடத்தில், பிடிவிட்டுத் துள்ளும் அலகு பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே, அலகு கடைசிவரை கட்டைவிரலின் கட்டுப்பாட்டிலேயே சென்று, சத்தமின்றித் தன் இடத்தில் அமர வேண்டும். தவறி யாருடைய கத்தியாவது ஓசை எழுப்பினால், “குரைச்சிடுச்சு, குரைச்சிடுச்சு” என்று எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். கத்திக்குரியவர் அன்று அனைவருக்கும் பேக்கன் என்னும் பன்றியிறைச்சி வைத்த பன் வாங்கி வர வேண்டும்.

நோரீன் டங்வர்த் தம் நாற்பதாண்டுப் பட்டறை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பன் வாங்கினார். அதுவும் பத்தொன்பது வயதில், பெட்டி கட்டும் வேலையிலிருந்து கத்தி பொருத்தும் மேசைக்கு மாறிய முதல் வாரத்தில். பெண்பிள்ளைக்கு அரம் பிடிக்க வராது என்று அன்று பந்தயம் கட்டியவர்கள் அனைவரும் அவருக்கு முன்பே ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். பார்லோ கத்தி, மாலுமிகள் விரும்பும் கூர்நுனியற்ற ஆட்டுக்கால் கத்தி, தோட்டக்காரர்களின் வளைந்த கிளைவெட்டிக் கத்தி என எந்த வடிவமானாலும் அவர் கை பட்டால் தனி அழகு வந்துவிடும். எனினும், அவருடைய பெயரைச் சொல்லும் கத்தி ‘குட்டிக்குளம்பு’தான். அலகு நேராக ஓடி, நுனிக்குச் சற்று முன்பு சரிந்து, ஆட்டுக்குட்டியின் குளம்பைப் போல முடியும் கத்தி அது. மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளை உட்தகடு, ஒரே அலகு. நூற்றாண்டுகளாக மாறாத வடிவம். நோரீன் பொருத்திய குட்டிக்குளம்பு திறந்து நின்றால் பாறையைப் போல அசையாது நிற்கும் என்று வாடிக்கையாளர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களைப் படித்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. ஆனால், அவற்றில் ஒன்றையும் குப்பையில் போட்டதில்லை.

மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேநீருக்குச் சற்று முன்பு, ரூபினா என்னும் இளம் பெண் காவலர் பட்டறைக்குள் வந்தார். அவர் கையில் ஒரு கண்ணாடிக் காகிதப் பை. பைக்குள் ஒரு குட்டிக்குளம்பு.

“இங்க நோரீன் டங்வர்த்ங்கறது யாரு?”

“நான்தான் கண்ணு. கையில எண்ணெய். அதான் கை குடுக்கல. என்ன விஷயம்?”

“இது உங்க பட்டறைக் கத்தியான்னு பாத்துச் சொல்லணும்மா. முத்திரை உங்களோடதுதான். ஆனா வாக்குமூலம் வேணும்.”

பையிலிருந்து எடுக்க வேண்டிய தேவைகூட நோரீனுக்கு இல்லை. பிடியின் கொம்பில் தேன் நிறத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடியது. அந்தக் கொம்புத் துண்டைத் தேர்ந்தெடுக்க அவர் ஒரு மதிய உணவு நேரத்தையே செலவழித்திருந்தார். ஆறு குளிர்காலங்களுக்கு முன்பு அவர் மணிக்கட்டு முறிந்து கிடந்தபோது, அடுத்த வீட்டுக் கிளைவ் ஹூஸ்லி அவருடைய தோட்டத் துண்டு முழுவதையும் ஒரு வார்த்தை பேசாமல் கொத்திக் கொடுத்தார். கை குணமானதும் நோரீன் அவருக்குச் செய்து கொடுத்த கத்தி இது. கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்பது ஊர் வழக்கம். ஆகவே, கிளைவ் வேலியோரம் நின்று ஒரு பென்னிக் காசை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கத்தியை வாங்கிக்கொண்டார்.

“இது கிளைவோட கத்தி,” என்றார் நோரீன். அவருடைய குரல் சட்டென்று இறங்கியது. “அவருக்கு என்ன ஆச்சு?”

“அவருக்கு ஒண்ணும் ஆகலம்மா. சனிக்கிழமை டிராம் நிறுத்தத்துல உலோகத்தைக் கண்டுபிடிக்கற சோதனை வளைவு வச்சிருந்தோம். மத்தவங்கல்லாம் முணுமுணுத்துக்கிட்டே போனாங்க. இவர் மட்டும் தானே கத்தியை எடுத்துத் தட்டுல வச்சாரு. ‘இது நோரீன் செஞ்சது, தெறந்து பாரு தங்கச்சி, பாறை மாதிரி நிக்கும்’னாரு. தெறந்தேன். நின்னுச்சு. மூடலாம்னு பாத்தா மூட மாட்டேங்குது.”

“கொஞ்சம் இறுக்கமா இருக்கும். புதுக் கை பட்டா அப்படித்தான்.”

“மூணு பேரு பாத்தோம்மா. எங்க சார்ஜென்ட்டு ரக்பி ஆடறவரு. அவராலயும் முடியல. அப்புறம் உங்க கிளைவே சொல்லிக் குடுத்தாரு, நிறுத்தத்துத் தடுப்புக் கம்பியோட விளிம்புல ஒரு தட்டு தட்டணும்னு. தட்டுனாரு. மூடிச்சு.” ரூபினா தயங்கினார். “மூணு அங்குலத்துக்குக் கீழ இருக்கற மடக்குக் கத்தியை யாரு வேணும்னாலும் பையில வச்சுக்கலாம். ஆனா தெறந்ததும் பூட்டிக்கிட்டா அது வேற கதை. காரணமில்லாம வெளிய கொண்டு போனா குத்தம்.”

நோரீனின் வலப்புறம் அமர்ந்திருந்த லெஸ் சிரித்தே விட்டார். “பூட்டா? இந்தப் பட்டறையில கழிவறைக் கதவுக்கே பூட்டு கெடையாது தங்கச்சி.”

நோரீன் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு, ரூபினா கொடுத்த மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியை வாங்கினார். நகத்தால் அலகை இழுத்தார். கட்டைவிரலால் தாங்கிப் பிடித்து, கடைசிவரை நடத்திச் சென்று, ஓசையின்றி நிறுத்தினார். அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு அலகின் முதுகை அழுத்தினார். கத்தி மடங்கியது.

“பாரு கண்ணு. இறுக்கம்தான். பூட்டு இல்ல.” அவர் விட்ட மூச்சில் மேசைமேல் இருந்த கொம்புத்தூள் பறந்தது.

ரூபினாவின் முகம் குழம்பியது. “எங்க, நான் ஒரு தடவை?” என்று கத்தியை வாங்கி, வெளியுலகில் எல்லோரும் திறப்பதைப் போலவே திறந்தார். அலகு பாதி வழியில் அவர் விரலைவிட்டுத் துள்ளியது.

டக்.

பழக்கத்தின் காரணமாக மேசையின் கடைக்கோடியில் இருந்தவர் இருமுறை தட்டினார். பிறகு அவரும் தட்டுவதை நிறுத்திவிட்டார். ரூபினா அலகை அழுத்தினார்; மடங்கவில்லை. நோரீன் வாங்கி அழுத்தினார், மடங்கவில்லை. நாற்பதாண்டுகளாகக் கொம்பும் எஃகும் பழகிய அந்தக் கைகளின் முழு வலிமையோடும் அழுத்தினார். உள்ளங்கை வெளுத்துப் போனதே தவிர அலகு ஒரு மயிரிழையும் நகரவில்லை.

லெஸ் தம் இருக்கையை நகர்த்தி எட்டிப் பார்த்தார்.

நோரீன் பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அலகின் அடிக்கட்டையைப் பார்த்தார். அங்கே ஒரு சிறிய சதுரப் பள்ளம் இருக்கும். கத்தி திறந்து நிற்கும்போது ஸ்ப்ரிங்கின் முனை அந்தப் பள்ளத்தில் அமரும். பள்ளத்தின் சுவர் நேராக இருந்தால், அழுத்தும்போது முனை வழுக்கி மேலேறும், கத்தி மடங்கும். இந்தக் கத்தியின் சுவர் நேராக இல்லை. அது உட்புறமாகச் சாய்ந்திருந்தது. மெதுவாக அமர்த்தினால் முனை மேலோட்டமாக உட்கார்ந்தது. துள்ளி விழுந்தால் அடிவரை இறங்கிக் கொக்கியைப் போல மாட்டிக்கொண்டது.

அந்தச் சாய்வை வைத்தவர் யார் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை.

கிளைவுக்குக் கத்தி செய்த அதே குளிர்காலத்தில், குட்டிக்குளம்பின் அலகு திறந்த நிலையில் சற்று ஆடுகிறது என்று இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. நோரீனுக்கு அது பொறுக்கவில்லை. அலகுகளை அளவெடுத்து வெட்டுவதற்கு வைத்திருந்த அச்சுத்தகட்டைச் சாணையில் வைத்து, பள்ளத்தின் மூலையை மயிரிழை உள்ளே தள்ளினார். ஆட்டம் நின்றது. பாறை என்னும் பாராட்டும் அதன் பிறகுதான் தொடங்கியது. வசந்தத்தில் அந்தத் தகடு விரிசல் விட்டதால் முதலாளி புதிய தகடு வரவழைத்தார். அதற்குள் நாற்பது கத்திகள் வெளியே போயிருந்தன. ஒவ்வொன்றையும் நோரீன் தம் கையால் பலமுறை திறந்து சோதித்திருந்தார். ஒன்றையும் குரைக்க விடவில்லை. அதனால், உலகத்தில் உள்ள மற்ற அனைவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய ஒன்று, அதைச் செய்த அவருக்கு மட்டும் ஆறாண்டுகளாகத் தெரியாமலே போய்விட்டது.

“கிளைவுக்கு என்ன தண்டனை கெடைக்கும்?” என்று கேட்டார்.

“பெருசா ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா குத்தம்னு பதிவாயிடும்.” ரூபினா பையை மூடினார். “அவரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறாராமே.”

அன்று மாலை நோரீன் வேலிக்கு அருகில் சென்றபோது, கிளைவ் தம் லீக் வெங்காய நாற்றுகளுக்கு நடுவே கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். பதினெட்டாண்டுகளாக அவர் மேட்டுத் தெருத் தொடக்கப் பள்ளியின் பராமரிப்பாளர். கொதிகலனுக்கும் பூட்டுகளுக்கும் ஓட்டைக் கூரைக்கும் அவரே பொறுப்பு. மனைவி இறந்த பிறகு, காலையில் எழுவதற்கு அவருக்கிருந்த காரணமும் அந்தப் பள்ளிதான். வார நாளில் நாலு மணிக்கே அவர் வீட்டில் இருந்ததை நோரீன் இதுவரை பார்த்ததில்லை.

“வீட்டுக்கு அனுப்பிட்டாங்க,” என்றார் கிளைவ். “தலைமை ஆசிரியை அழுதுச்சு. நான்தான் அதுக்கு டீ போட்டுக் குடுத்தேன். குத்தம்னு ஆயிடுச்சுன்னா பள்ளிக்கூட கேட்டுக்குள்ளயே வரக்கூடாதாம். அடுத்த வியாழக்கிழமை நீதிமன்றம்.”

“கிளைவ், அந்தக் கத்தி எப்பலேர்ந்து இப்படி மாட்டிக்குது?”

“எப்பவுமே அப்படித்தானே. மேசை விளிம்புல ஒரு தட்டு தட்டுனா மடங்கிடும்.”

“ஆறு வருசமாவா?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதாய்யா?”

கிளைவ் உண்மையிலேயே வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். “நல்ல கத்தின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீ செஞ்சதாச்சே. இதுக்கு முன்னாடி நான் வச்சிருந்ததெல்லாம் கடைத்தெருக் குப்பை, அதெல்லாம் சும்மா மடங்கும்.” பிறகு, “உன் முகம் ஏன் இப்படிப் போச்சு?” என்றார்.

நோரீன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. பள்ளத்தைப் பற்றியும் சாய்வைப் பற்றியும் அவர் சொல்லி முடிக்கும்வரை கிளைவ் குறுக்கிடவில்லை.

“அப்போ நான் பெருமையா எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருந்தது உன் தப்பைத்தானா?” என்றார் கடைசியில். சிரிக்க முயன்றார். “விடு. எனக்கு அறுபத்திரண்டு. எப்படியும் முட்டி போச்சு.” ஆனால், அவர் கைகள் வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. பள்ளிச் சாவிக்கொத்து இல்லாத இடுப்பை அவர் இருமுறை தொட்டுப் பார்த்ததையும் நோரீன் கவனித்தார்.

மறுநாள் காலை, பட்டறை முதலாளி ரஸ்ஸல் புரூம்ஹெட்டின் சிறிய அலுவலகத்தில் நோரீன் நின்றார். ரஸ்ஸல் கெட்டவர் அல்லர். தந்தையிடமிருந்து பெற்ற பட்டறையை மூடிவிடாமல் நடத்துவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நோரீனைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“அழுக்கு அடைச்சு இறுகிப்போச்சுன்னு எழுதிக் குடுங்கக்கா. ஆறு வருசம் தோட்டத்து மண்ணுல கெடந்த கத்தி. யாரு கேக்கப் போறா?”

“கண்ணாடி வச்சுப் பாத்தா தெரியும் ரஸ்ஸல்.”

“யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க பிழைன்னு எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? ஷெஃபீல்டு கத்தி பூட்டிக்கிதுன்னு ஊரெல்லாம் பேச்சாயிடும். எல்லாக் கத்தியையும் சந்தேகப்படுவாங்க.”

“நாப்பது கத்தி வெளிய இருக்கு,” என்றார் நோரீன். நேற்றிரவு முழுவதும் அவரைத் தூங்கவிடாத எண் அது. “நாப்பது பேரு பையில. அவங்கள்ல யாரு அடுத்து டிராம் ஏறப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவங்க பாட்டுக்கு ஆப்பிள் நறுக்கிக்கிட்டிருக்காங்க.”

ரஸ்ஸல் நிமிர்ந்தார். “நாப்பதா?”

“ஆமா.”

“நாப்பதும் உங்க கை பட்டதா?”

“அதைத்தானே சொல்றேன்.”

ரஸ்ஸல் அவரைத் தடுக்கவில்லை. நோரீன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு, பட்டறைப் பெயர் அச்சிட்ட தாளிலேயே எழுதினார். அச்சுத்தகட்டை மாற்றியது தாம் என்றும், எவரிடமும் கேட்கவில்லை என்றும், கத்தியில் பூட்டு எதுவும் பொருத்தப்படவில்லை என்றும், அது மடங்காமல் போனதற்குத் தம் பிழையே காரணம் என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். நான்கே வாக்கியங்கள். நாற்பதாண்டுகளில் தம்மைப் பற்றி அவர் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தின் வெளித்தாழ்வாரத்தில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவரைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். களைத்த கண்களையுடைய நடுத்தர வயதுக்காரர். கையில் ஒரு கட்டுக் கோப்புகள். ரூபினா கிளைவின் கத்தியோடு அருகில் நின்றார். நோரீன் தம் சமையலறை இழுப்பறையிலிருந்து, அதே குளிர்காலத்தில் செய்த இன்னொரு குட்டிக்குளம்பையும், விரிசல் விட்ட அந்தப் பழைய அச்சுத்தகட்டையும் ரஸ்ஸல் மூலம் நீதிமன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக் கொண்டுவந்திருந்தார்.

அவர் தமக்குரிய முறையில் தம் கத்தியைத் திறந்தார். ஓசையில்லை. அழுத்தினார், மடங்கியது.

பிறகு மீண்டும் திறந்து, பாதி வழியில் கட்டைவிரலை எடுத்தார். அந்த விரல் எளிதில் விலகவில்லை. நாற்பதாண்டுப் பழக்கம் அதைப் பிடித்து இழுத்தது. அலகு துள்ளியது. அந்த ஓசை தாழ்வாரம் முழுவதும் எதிரொலிக்க, நீண்ட இருக்கையில் அமர்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப மடக்குங்க,” என்று நீட்டினார்.

வழக்கறிஞர் முயன்றார், முடியவில்லை. கிளைவின் கத்தியையும் அவ்வாறே செய்து பார்த்தார். தாளை வாசித்தார், மீண்டும் ஒருமுறை வாசித்தார்.

“அப்போ இது வேணும்னே பூட்டற மாதிரி செஞ்சதில்லன்னு சொல்றீங்க.”

“இல்லங்க. நல்லா இருக்கணும்னு செஞ்சேன். கெட்டுப் போச்சு.”

“இதை வெளிய சொன்னா உங்க பேரு போயிடுமேம்மா. யோசிச்சீங்களா?”

“பேரு அந்தக் கத்தியிலதாங்க இருந்துச்சு. அது போயி ஆறு வருசமாச்சு. எனக்குத்தான் இப்பத் தெரியுது.”

வழக்கறிஞர் உள்ளே சென்றார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கோப்பு அவர் அக்குளில் இருந்தது. பொதுநலன் கருதி வழக்கைத் தொடரப்போவதில்லை என்றும், ஆனால் அந்தக் கத்தி செய்தவரிடம் திரும்பிச் சென்று சரிசெய்யப்பட்ட பிறகே உரியவர் கைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அருகில் காத்திருந்த கிளைவ் “அப்போ திங்கக்கிழமை கொதிகலனைப் பாக்கலாமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நோரீன் பள்ளத்தின் சுவரை நேராக்கினார். மூன்று முறை அரம் இழுத்தார், அவ்வளவுதான். ஆறாண்டுகளாகத் தூங்கிக் கிடந்த தவற்றுக்கு அந்த மூன்று இழுப்புகளே போதுமாயிருந்தன என்பது அவருக்கு வெறுப்பையே தந்தது. அலகில் மீண்டும் சிறிது ஆட்டம் வந்திருந்தது. வரட்டும் என்று விட்டார்.

பிறகு, ஐந்து பேரும் மேசையில் இருக்கும்போது, கத்தியை உயர்த்திப் பிடித்து, அலகைப் பாதி திறந்து, விரலை எடுத்தார்.

டக்.

ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. லெஸ்ஸின் அரம் பாதி இழுப்பில் நின்றது. நோரீன் அலகை அழுத்தினார், மடங்கியது. மீண்டும் குரைக்க விட்டார், மடக்கினார். பத்து முறை. ஒவ்வொரு முறையும் அவர் தோள் திடுக்கிட்டு அசைந்தது.

“யாருக்கெல்லாம் தக்காளி சாஸ் வேணும்?” என்று கேட்டுவிட்டுப் பன் வாங்கப் புறப்பட்டார்.

“பத்து தடவை குரைச்சிருக்கு,” என்றார் லெஸ் மெல்ல. “நியாயப்படி ஆளுக்குப் பத்து பன்.”

“வயிறு வெடிச்சிச் சாவே. ஒண்ணுதான்.”

மாலையில் வேலியோரம் கிளைவ் கத்தியை வாங்கித் திறந்தார், மடக்கினார். தட்டுவதற்கு வேலிக்கம்பைத் தேடிய அவர் கை பாதியில் நின்றது. “பொசுக்குன்னு மடங்குதே,” என்றார், ஏமாற்றத்தை மறைக்க இயலாமல். பிறகு பையைத் துழாவி ஒரு பென்னியை எடுத்து நீட்டினார்.

“ஏற்கெனவே குடுத்தியேய்யா.”

“அது அந்தக் கத்திக்கு. இது வேற கத்தி.”

அன்று தொடங்கி அந்தப் பட்டறையில் வழக்கம் தலைகீழானது. காகிதத்தில் சுற்றப்படுவதற்கு முன்பு ஒவ்வொரு கத்தியும் மேசையின் ஓரத்தில், யாருடைய விரலும் எட்டாத தொலைவில், மூன்று முறை குரைக்க வேண்டும். ரஸ்ஸல் தம் பெயரிலேயே அறிவிப்பு எழுதி, வாங்கியவர்களின் முகவரிகளைத் தேடித் தேடி அனுப்பினார். கத்திகள் தபாலில் திரும்பத் தொடங்கின. சிலவற்றோடு கடிதங்களும் வந்தன. ‘இதைத் தட்டி மூடுவதுதான் சரி என்று என் தந்தை சொல்லிக் கொடுத்தார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நோரீன் அதை இருமுறை படித்து, பழைய பாராட்டுக் கடிதங்களின்மேல் வைத்தார்.

கிளைவின் கத்தியையும் சேர்த்து, கோடையின் முடிவுக்குள் முப்பத்தொன்று சரிசெய்யப்பட்டன. ஒன்பது வரவில்லை. டிராமில் எதிரே அமர்ந்திருக்கும் எவராவது மேலங்கிப் பையில் கைவிட்டால், நோரீனின் பார்வை இப்போதும் அந்தக் கையை விட்டு அகல்வதில்லை.